லெவல்கள் பல, ஆட்டம் ஒன்று: சேர்ந்து ஆடும் மாரியோ கேம்களை மதிப்பிடுவது குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

நின்டெண்டோ ஸ்விட்ச்சில் 2019 ஜனவரியில் வெளிவந்த ‘நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் யூ டீலக்ஸ்’ பற்றிய என் விமர்சனத்தில், ‘நான்கு பேர் சேர்ந்து ஆட வசதி செய்து கொடுத்துவிட்டு, நான்கு பேருக்கும் ஒரே வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன.

கேள்வி: புல்வெளி, பாலைவனம், கடல், பனி, காடு, சுரங்கம், மேகம் என்று உலகங்கள் இருக்கின்றன. உடன் வரும் ‘நியூ சூப்பர் லூயிஜி யூ’வையும் சேர்த்தால் 160-க்கும் மேற்பட்ட லெவல்கள். இதில் மாறுதல் போதவில்லை என்றால், வேறு எந்த கேமில்தான் போதும்?

பதில்: லெவல்களின் எண்ணிக்கையை நான் குறைத்து மதிப்பிடவில்லை, தனியாக ஆடுபவருக்கு அவற்றில் பல மிகத் தேர்ந்த கைவேலை. என் குறை இரண்டாவது கன்ட்ரோலரைப் பற்றியது. சோடா ஜங்கிள் உலகத்தில் ‘பெயின்டட் ஸ்வாம்ப்லேண்ட்’ என்றொரு லெவல் உண்டு. வான்கோவின் நட்சத்திர இரவு ஓவியத்தை நினைவூட்டும் வகையில், தூரிகைச் சுழிகளால் தீட்டியது போன்ற வானம் அதன் பின்னணியில் விரிகிறது. இந்த வரிசை முழுவதிலுமே இவ்வளவு துணிச்சலான காட்சி வேறு இல்லை என்பேன். ஆனால் அந்த வானத்தின் கீழே நால்வரும் செய்வது என்ன? முதல் உலகத்தின் முதல் லெவலில் செய்ததைத்தான்: வலப்பக்கம் ஓடுகிறார்கள், தாவுகிறார்கள், கொடிக்கம்பத்தைப் பிடிக்கிறார்கள். கோலம் அதேதான், பொடியின் வண்ணம் மட்டும் மாறியிருக்கிறது.

இதற்கான காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு லெவலையும் ஒருவர் தனியாகவும் முடிக்க வேண்டும், நால்வர் சேர்ந்தும் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் மேல்தான் இந்த கேம் கட்டப்பட்டிருக்கிறது. தனியாளால் முடிக்க முடிந்தாக வேண்டும் என்றால், இன்னொருவரின் உதவி கட்டாயமாகத் தேவைப்படும் இடம் எதையும் வடிவமைப்பாளர் வைக்க முடியாது. ஆகவே இரண்டாமவரும் மூன்றாமவரும் நான்காமவரும் ஒருவருக்காகத் திட்டமிட்ட பாதையில் கூட்டமாக ஓடும் விருந்தாளிகள் ஆகிவிடுகிறார்கள். தளம் எத்தனை முறை மாறினாலும், ஆடுபவர்களுக்குள் இருக்கும் உறவு மாறுவதே இல்லை.

கேள்வி: இந்த வரிசை மொத்தமுமே அரைத்த மாவை அரைக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். அது மிகையா, உண்மையா?

பதில்: பெருமளவு உண்மை. நின்டெண்டோவின் பழைய கருவிகளான டிஎஸ்ஸில் 2006-இலும், வீ-யில் 2009-இலும் ஒவ்வொன்று வந்தன; 2012-இல் மட்டும் 3டிஎஸ்ஸுக்கு ஒன்று, வீ யூ-வுக்கு ஒன்று என ஒரே ஆண்டில் இரண்டு. ஸ்விட்ச்சில் வந்தது அந்த வீ யூ கேமின் மறுபதிப்பு. இந்த நான்கிலும் முதல் உலகம் புல்வெளி, இரண்டாவது பாலைவனம். நான்கிலும் லெவலுக்கு மூன்று பெரிய நட்சத்திர நாணயங்கள். ‘பா, பா’ என்று குரல் ஒலிக்கும் பின்னணி இசைக்கு எதிரிகள் ஒரு குலுக்குக் குலுக்கி ஆடுவதும் நான்கிலும் உண்டு. வீ-யில் தொடங்கி மூன்றிலும் கோட்டைகளின் முடிவில் காத்திருப்பவர்கள் கூப்பாலிங்குகள் என்ற அதே வில்லன்கள்; 1988-இல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’-இல் அறிமுகமானவர்கள். தலையில் மூன்று முறை மிதித்தால் கதை முடிந்தது.

3டிஎஸ் கேமில் ‘பத்து லட்சம் நாணயம் சேருங்கள்’ என்ற இலக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். நாணயம் மழையாகக் கொட்டினால் நாணயத்துக்கு மதிப்பு இல்லாமல் போகும் என்பதைத் தவிர அதில் நான் கண்டது ஒன்றும் இல்லை.

கேள்வி: ஐயா, நாங்கள் நண்பர்கள் நால்வர் ஆடும்போது வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். சிரிக்க வைக்கும் கேம் எப்படிச் சலிப்பான கேம் ஆகும்?

பதில்: நல்ல கேள்வி, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட. சிரிப்பு வரும் இடங்களை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். நீங்கள் தாவும் நொடியில் நண்பரின் தலை குறுக்கே வந்து, அதில் மோதி நீங்கள் பள்ளத்தில் விழுந்திருப்பீர்கள். வலிமை தரும் காளானை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொல்ல, மூன்றாமவர் அதைப் பறித்திருப்பார். ஒருவர் உங்களைத் தூக்கி எதிரியின் மேல் எறிந்திருப்பார். இவை எல்லாம் பாத்திரங்களின் உடல்கள் ஒன்றோடொன்று மோதும் என்ற ஒரே ஒரு விதியிலிருந்து பிறப்பவை. அந்த விதி அருமையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது முதல் லெவலில் கொடுத்ததைத்தான் கடைசி லெவலிலும் கொடுக்கிறது.

விமர்சனம் எழுதுபவர் இங்கேதான் எளிதில் ஏமாந்துபோகிறார். நல்ல நண்பர்கள் கூடினால் எதை ஆடினாலும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கேமின் பங்கு எவ்வளவு, நண்பர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. நான் கையாளும் வழி எளியது. நால்வராக ஆடிய லெவலை மறுநாள் தனியாக ஆடிப் பார்ப்பேன். அதே பாதை, அதே உத்தி, அதே நாணயங்கள், இடித்துத் தள்ள ஆள் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு என்றால், கூட்டாக ஆடுவதற்கென்று அந்த லெவலில் யாரும் எதையும் யோசிக்கவில்லை என்று எழுதிவிடுவேன்.

இன்னொரு சிறு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீ கேமில் நால்வரில் யாராவது ஒருவர் காளான் போன்ற வலிமை தரும் பொருளை எடுத்தாலோ அடி வாங்கினாலோ, திரை முழுவதும் ஒரு கணம் உறைந்து நிற்கும். தனியாக ஆடும்போது அது கண்ணுக்கு இதமான இடைவெளி. நால்வர் ஆடும்போது, உங்கள் தாவலின் நடுவே வேறு யாரோ காளான் தின்றதற்காக நீங்கள் அந்தரத்தில் நிற்கிறீர்கள். விட்ட தாளம் திரும்பக் கிடைப்பதில்லை. ஒருவருக்காகச் செய்ததை நால்வருக்கு நீட்டியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: வீ யூ பதிப்பில் ஐந்தாவதாக ஒருவர் ஆடலாம் என்று கேள்விப்பட்டேன். அது என்ன ஆயிற்று?

பதில்: அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி. வீ யூ-வின் கேம்பேட் என்ற தொடுதிரைக் கன்ட்ரோலரை ஐந்தாமவர் கையில் வைத்துக்கொண்டு, திரையைத் தட்டி மற்றவர்களின் காலடியில் கட்டைகளை வைத்துக் கொடுக்கலாம்; எதிரியைத் தட்டித் தடுமாற வைக்கலாம். பள்ளத்தில் விழப்போகிற குழந்தைக்குக் கடைசி நொடியில் ஒரு கட்டை வைத்துக் காப்பாற்றலாம். காப்பாற்றுவது போலக் காட்டி, தாவுகிறவர் தலையில் இடிக்கும்படி ஒரு கட்டையும் வைக்கலாம்! ஓடாமல், தாவாமல் ஆட்டத்தில் பங்கெடுக்கும் வேறொரு வேலை அது. ஸ்விட்ச் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். தனித்தன்மையுள்ள ஒரே கூட்டு வேலையை எடுத்துவிட்டு, பாத்திரங்களின் பட்டியலில் டோடெட், நாபிட் இருவரையும் சேர்த்தார்கள்.

கேள்வி: ஏழு வயது மகனோடு ஆட வாங்கலாமா? விமர்சனத்தைப் படித்தபின் தயங்குகிறேன்.

பதில்: தாராளமாக வாங்கலாம். மகனுக்கு நாபிட்டைக் கொடுங்கள்; எதிரிகள் மோதினாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது. கடினமான இடம் வந்தால் குமிழுக்குள் புகுந்து மிதக்கச் சொல்லுங்கள், தாண்டிய பிறகு நீங்கள் தொட்டு உடைத்து வெளியே எடுக்கலாம். நீங்களும் சேர்ந்து குமிழுக்குள் போய்விடாதீர்கள், எல்லோரும் குமிழுக்குள் இருந்தால் லெவல் கைவிட்டுப் போகும். மாறுதல் இல்லை என்ற என் குறை அந்த வயதில் குறையே அல்ல. திரும்பத் திரும்ப அதையே செய்வதில்தான் குழந்தைகளுக்கு மகிழ்ச்சி.

கேள்வி: அப்படியானால் ஆளுக்கொரு வேலை கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பதில்: தீராது, ஆனால் தொடக்கமாக இருக்கும். பின்லாந்தின் ஃப்ரோஸன்பைட் உருவாக்கி 2009-இல் வெளிவந்த ‘ட்ரைன்’ கேமில் மூன்று பாத்திரங்கள்: பெட்டிகளை வரவழைக்கும் மந்திரவாதி, கயிற்றில் தொங்கி ஊசலாடும் திருடி, கேடயம் ஏந்திய வீரன். தாளில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆடிப் பார்த்தால், எந்தப் புதிர் வந்தாலும் மந்திரவாதி பெட்டிகளை அடுக்கி ஏறிவிடுகிறார், மற்ற இருவரும் அவர் அடுக்கி முடிக்கும் வரை காத்திருக்கிறார்கள். வேலைகள் வெவ்வேறாக இருந்தாலும், ஒரு வேலை மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டால் மூவரும் சலிப்பைப் பகிர்ந்துகொள்வதுதான் மிச்சம்.

ஸ்வீடனின் ஹேஸ்லைட் உருவாக்கி 2021-இல் வெளிவந்த ‘இட் டேக்ஸ் டூ’ இதைச் சரியாகப் புரிந்துகொண்ட கேம். தனியாக ஆடும் வழியையே அவர்கள் வைக்கவில்லை. அதனால் என்ன கிடைத்தது என்று பாருங்கள். பாத்திரங்கள் கோடி என்ற கணவனும் மே என்ற மனைவியும். தொடக்கத்தில் கோடியிடம் ஆணிகள், மேயிடம் சுத்தியல் தலை: அவன் மரச்சுவரில் ஆணியை எறிந்து குத்தி வைத்தால், அவள் அதில் சுத்தியலை மாட்டி ஊஞ்சலாடிக் கடக்கிறாள். அந்த உத்தி கை படிந்து வரும்போதே அதைப் பிடுங்கிக்கொண்டு, மரத்தின் உள்ளே அவனுக்கு மரப்பிசினைப் பீய்ச்சும் கருவியும், அவளுக்குத் தீக்குச்சி எறியும் கருவியும் தருகிறார்கள். அவன் பிசினை அப்பி வைக்காமல் அவள் எறியும் தீக்குச்சிக்குப் பயன் இல்லை. அவள் பற்ற வைக்காமல் அவனுடைய பிசின் வெடிப்பதும் இல்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ‘இப்போது உன்னிடம் என்ன இருக்கிறது?’ என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்க வேண்டியிருக்கிறது. சேர்ந்து ஆடும் கேமில் நான் தேடும் மாறுதல் இந்த உரையாடலில்தான் இருக்கிறது. கதையின் வசனங்கள் பல இடங்களில் என் பொறுமையைச் சோதித்தன என்பது வேறு விஷயம்.

கேள்வி: தனியாகவும் ஆடக்கூடிய கேமில் இது சாத்தியமே இல்லை என்கிறீர்களா?

பதில்: கடினம் என்கிறேன். ‘ரேமேன் லெஜண்ட்ஸ்’ (2013) ஒரு நல்ல விதிவிலக்கு. சில லெவல்களில் ஒருவர் மர்ஃபி என்ற பறக்கும் பாத்திரமாகத் தொடுதிரையில் கயிற்றை அறுத்து மேடையை இறக்க, மற்றவர் அந்த நொடிக்குக் காத்திருந்து தாவ வேண்டும். வேறு சில லெவல்களில் இசையின் தாளத்துக்கே தாவல்கள் அமைந்திருக்கும். அங்கே யாரும் யாருக்கும் உதவ நேரம் இல்லை, எல்லோரும் ஒரே தாளத்தில் ஓடும் இன்பம் மட்டும்தான். அடுத்த லெவலில் நாம் எப்படிச் சேர்ந்து ஆடப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பையாவது அந்த கேம் தருகிறது.

கேள்வி: ஒரே ஒரு உத்தியை மட்டும் வைத்துக்கொண்டு நன்றாக அமைந்த கூட்டு கேம்கள் இல்லையா?

பதில்: இருக்கின்றன. ‘பிகோ பார்க்’ கேமில் இலக்கு என்றைக்கும் ஒன்றுதான்: சாவியை எடுங்கள், கதவைத் திறங்கள், எல்லோரும் உள்ளே போங்கள். ஆனால் அங்கே போகும் வழியில் ஒவ்வொரு லெவலும் புதிதாக ஒரு சங்கடத்தைக் கொடுக்கிறது, குறைந்தது இருவர் இல்லாமல் அதை ஆடவும் முடியாது. ‘பிரெட் அண்ட் ஃப்ரெட்’ இன்னும் கறாரானது: இரண்டு பென்குயின்கள், இடையே ஒரு கயிறு, ஏறுவதற்கு ஒரு மலை. வேறு எதுவும் இல்லை என்பதால், அது எதையும் மறைப்பதும் இல்லை. மாரியோ கேமோ எட்டு உலகங்களுக்கு எட்டுப் புதுமைகள் தருவதாகக் காட்டிக்கொள்கிறது. என் குறை அந்தப் பாசாங்கின் மேல்தான்.

கேள்வி: வீ பதிப்பு 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதே, அத்தனை பேரும் ரசனை இல்லாதவர்களா?

பதில்: நான் அப்படி எங்கும் சொல்லவில்லை. வரவேற்பறையில் பாட்டி முதல் பேரன் வரை நால்வர் ஒரே திரையில் ஒரே நேரத்தில் ஓடித் தாவக்கூடிய மாரியோ கேம் அதற்கு முன் இருந்ததில்லை; அதற்கு மக்கள் பணம் கொடுத்தது நியாயம். முதல் முறை புதுமையாக இருந்தது, மூன்றாம் முறை பழக்கமாகிவிட்டது. என் மதிப்பெண் மூன்றாம் முறைக்கு உரியது.

கேள்வி: 2023-இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்’ இந்தக் குறையைத் தீர்த்துவிட்டதா?

பதில்: பாதி தீர்த்திருக்கிறது. முதல் உலகத்திலேயே வொண்டர் பூவைத் தொட்டதும் பிரானா செடிகள் குழாயை விட்டு இறங்கிப் பாட்டுப் பாடிக்கொண்டு அணிவகுத்து நடக்கின்றன. லெவலின் நடுவில் லெவலே வேறொன்றாகிவிடும் அந்தத் துணிச்சலுக்காகத்தான் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தோம். கூட்டாக ஆடுவதில் மட்டும் அவர்கள் எதிர்த்திசைக்குப் போய்விட்டார்கள். இப்போது பாத்திரங்கள் ஒருவரையொருவர் இடிப்பதில்லை, ஊடுருவிச் சென்றுவிடுகிறார்கள். இறந்தவர் ஆவியாகி ஐந்து நொடிக்குள் இன்னொருவரைத் தொட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். யோஷி என்ற டைனோசர் பாத்திரத்தின் முதுகில் ஒருவர் ஏறிச் செல்லலாம். சண்டை ஓய்ந்தது, அதோடு சிரிப்பும் குறைந்தது. நால்வரும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக ஆடுவது போன்ற உணர்வே மிஞ்சுகிறது. பெரிய எதிரியோடு மோதும் பாஸ் சண்டைகளைப் பற்றிக் கேட்காதீர்கள்: பல உலகங்களின் முடிவில் மறுபடியும் மறுபடியும் பவுசர் ஜூனியர்தான்.

கேள்வி: நானும் விமர்சனம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ‘மாறுதல் இல்லை’ என்று எழுதும் முன் எவ்வளவு தூரம் ஆடியிருக்க வேண்டும்?

பதில்: முடிவு வரை ஆடுவது கடமை, அதைத் தவிர்க்க வழி இல்லை. ஆனால் ஒரே குழுவோடு முடிவு வரை போகாதீர்கள். கை தேர்ந்தவர் ஒருவரோடும், கன்ட்ரோலரையே தொடாத ஒருவரோடும் அதே உலகத்தை ஆடிப் பாருங்கள். இருவரும் ஒரே இடத்தில் சலித்தால் குறை கேமுடையது, ஒருவர் மட்டும் சலித்தால் அது கடினத்தின் அளவைப் பற்றிய சிக்கல். எழுதும்போது ‘ஒரே மாதிரி இருக்கிறது’ என்று பொதுவாக நிறுத்திவிடாமல், எந்த லெவலில் என்ன செய்தீர்கள், எத்தனையாவது உலகத்தில் அதையே மீண்டும் செய்ய நேர்ந்தது என்று இடத்தைச் சுட்டி எழுதுங்கள். அப்படிச் சுட்ட முடியாவிட்டால், அந்த வரியை அடித்துவிட்டு இன்னும் ஓர் உலகம் ஆடிப் பாருங்கள்.