‘எல்லோரும் மக் இன் பண்ணலாம்’ என்று மெசேஜ் வந்தால்

தம்பி, நம் கடலூர் மஞ்சக்குப்பத்துப் பிள்ளை ஒருவர் இங்கிலாந்துக்குப் படிக்க வந்திருக்கிறார் என்றதும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் கடலூர் ஓல்டு டவுன், அதாவது ஓ.டி.காரன். இந்த ஊருக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டது.

நீங்கள் கேட்டது இதுதான். ஐந்து பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில், கூட இருக்கும் பெண் வாட்ஸ்அப் குரூப்பில் “ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மக் இன் பண்ணி கிச்சனையும் பாத்ரூமையும் ஒழுங்குபடுத்தலாம், பொருள் வாங்க எல்லோரும் சிப் இன் பண்ணுங்கள்” என்று போட்டிருக்கிறார். அகராதியைப் புரட்டினால் ‘மக்’ (muck) என்றால் சாணம், சகதி என்று இருக்கிறது. அடுத்தவர் அழுக்கை அள்ளச் சொல்கிறார்களா, முடியாது என்று சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். பகுதி நேரமாக வேலை பார்க்கும் காபிக் கடையிலும் சூப்பர்வைசர் இதே வார்த்தையைச் சொல்கிறார் என்கிறீர்கள்.

யாரும் உங்களைக் குறைத்துப் பேசவில்லை. சாணம் என்ற அர்த்தம் இருப்பது உண்மைதான். குதிரை லாயத்தைக் கூட்டி அள்ளுவதை ‘மக் அவுட்’ என்பார்கள். ஆனால் ‘மக் இன்’ என்றால் எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு கை கொடுப்பது. முதல் உலகப் போர்க் காலத்துப் பட்டாளத்துப் பேச்சிலிருந்து வந்தது, இருக்கிற ரேஷனைச் சிப்பாய்கள் கூடிப் பகிர்ந்துகொண்டதைச் சொன்னது என்பார்கள். கூட்டாளியை ‘மக்கர்’ என்று கூப்பிடுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். நம் ஊரில் மக்கர் பண்ணுவது பழைய மோட்டார்தான். இங்கே ஒருவர் உங்களை அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் நமக்கும் நடுவே கரையைக் கடந்தபோது நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். நான் அப்போது லீவில் வந்திருந்தேன். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் குறுக்கே விழுந்து, சைக்கிள்கூட நுழைய வழியில்லை. யாரோ ஒருவர் கோடாலியோடு வந்தார். வங்கியில் பெரிய வேலையில் இருந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளையை இழுத்தார். அதே கிளையின் மறு முனையைப் பிடித்தவர் அவர் வீட்டுத் துணிக்கு இஸ்திரி போடுகிறவர். தூக்க முடியாத பெரியவர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் என்ன செய்வது என்று யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, ‘என் வேலை எது?’ என்று கேட்டு நின்றவரும் இல்லை. மக் இன் என்பது அப்படியே இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, வேலையைப் பங்கு பிரித்துத் தர ஆள் கிடையாது என்பதை. நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். போன வருஷம் எங்கள் அலுவலகத்தை ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு மாற்றினோம். இயக்குநர் அம்மாவே ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்திருந்த நம் பையன் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் போய், “மேடம், நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். “எது வேண்டுமானாலும்” என்று சிரித்துவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். அதை உத்தரவாக எடுக்கத் தெரியாமல் அவன் அங்கேயே நின்றான். மறுநாள் ஒருவர் அவனைக் கொஞ்சம் ஒதுங்கியே இருக்கிற பையன் என்றார். அவன் ஒதுங்கவே இல்லை, பாவம், சொல்லட்டும் என்று காத்திருந்தான். அதனால் போனவுடன் கண்ணில் படுகிற எதையாவது கையில் எடுத்துவிடுங்கள். ‘நான் இதைப் பார்க்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே எடுத்தால் இன்னும் நல்லது.

வீட்டு விஷயத்தில் உங்கள் சுயநலமும் இருக்கிறது. ஐந்து பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், காலி செய்யும்போது அழுக்கு அடுப்புக்காக டெபாசிட்டில் பிடிப்பது எல்லோர் தலையிலும் விழும். அடுப்பில் அழுக்கு யாருடையது என்று நான் கேட்கப் போவதில்லை. கடுகு தாளித்தால் எண்ணெய் எங்கே தெறிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மிளகாய் வறுக்கும்போது ஸ்மோக் அலாரம் கத்தியதையும் அந்தப் பெண் மறந்திருக்க மாட்டார்.

காபிக் கடை வேறு கதை. ஷிப்ட் நேரத்துக்குள் கூட்டம் வந்து, ‘எல்லோரும் மக் இன் பண்ணுங்கள்’ என்றால் பில் போடுகிறவர் தட்டு கழுவுவார், காபி போடுகிறவர் குப்பை எடுப்பார். அது என் வேலை இல்லை என்று அங்கே சொல்லாதீர்கள். ஆனால் ஷிப்ட் முடிந்து கடையைச் சாத்திய பிறகு தினமும் அரை மணி மக் இன் பண்ணச் சொன்னால் அது வேலை, அதற்குச் சம்பளம் உண்டு. அதோடு உங்களுக்கு விசா இருக்கிறது. டிகிரி, மாஸ்டர்ஸ் படிக்கிறவர்களுக்கு டெர்ம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வரம்பு. அதில் சம்பளமில்லாமல் செய்கிற வேலையும் சேரும். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. போன வாரம் 15, அதனால் இந்த வாரம் 25 என்று சரிக்கட்ட முடியாது. சூப்பர்வைசரிடம் இதைச் சிரித்த முகத்தோடு சொன்னால் போதும், நல்லவராக இருந்தால் புரிந்துகொள்வார். இல்லையென்றால் நேரத்தைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

‘சிப் இன்’ என்பது ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுவது. சோப்பு, ஸ்பான்ஜ், பிளீச் எல்லாம் சேர்த்து ஆளுக்கு இரண்டு மூன்று பவுண்டுக்கு மேல் வராது. கேட்பதற்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். வகுப்பில் பேராசிரியர் ‘சிப் இன்’ என்று சொன்னால் பர்ஸை எடுக்க வேண்டாம், இடையில் உங்கள் கருத்தைச் சொல்லலாம் என்று அர்த்தம். அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரரிடம் மக் இன் என்றால் விழிப்பார். அங்கே ‘பிட்ச் இன்’ என்பார்கள், அது இங்கேயும் செல்லும். அப்புறம், ‘இன்’னைத் தவறவிட்டு ‘மக் அப்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது காரியத்தைக் கெடுப்பது. “ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மக் அப் பண்ணலாம்” என்று எழுதினால் வீடே சிரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இருந்தால் வர முடியாது என்று தாராளமாகச் சொல்லலாம். வெறுமனே வர முடியாது என்று நிறுத்தாமல், சனிக்கிழமை இரவே இன்னதை முடித்துவிடுகிறேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஷிப்ட் இல்லையென்றால் “ஹேப்பி டு மக் இன்” என்று எழுதி, அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இன்றைக்கே குரூப்பில் போட்டுவிடுங்கள். தாமதித்தால் மிஞ்சுவது பாத்ரூம்தான்.