கட்டுவதில் என்ன சலிப்பு? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. சொந்த ஊர் ஓசூர். நீங்கள் கணினி விளையாட்டுகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் விடாமல் வாசிப்பவன். 'டான் ஆஃப் வார்' என்ற போர் வியூக விளையாட்டின் நான்காம் பாகம் 2026-இல் வெளியாகும் என்று அறிவித்திருக்கிறார்கள். ட்ரெய்லரைத் திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று. ஒன்றுதான் இடிக்கிறது. முதல் பாகத்தில் இருந்ததுபோல பேஸ் கட்டுவதை, அதாவது படைக்கு வேண்டிய கட்டடங்களை நாமே எழுப்புவதை, திரும்பக் கொண்டுவருகிறார்களாம். வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்கு லேப்டாப்பைத் திறக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, முதல் பத்து நிமிடம் கட்டடம் கட்டிக்கொண்டிருப்பது பெரிய சலிப்பு. நேராகச் சண்டைக்குப் போனால் என்ன? முன்பதிவு செய்யலாமா? என் பழைய லேப்டாப் தாங்குமா? எட்டு வயது மகன் மடியில் உட்கார்ந்து பார்க்கிறான், அவனுக்கும் இந்தச் சண்டைகள் ரொம்பப் பிடிக்கின்றன. 34 வயதில் இது என்ன விளையாட்டு என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

லேப்டாப் தாங்குமா என்பதை எஸ்.பி. ரோட்டில் ஒரு கணினிக் கடையில் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். வீட்டில் கேட்பதைப் பற்றி: வீட்டு வேலையில் உங்கள் பங்கை முடித்துவிட்டு உட்கார்ந்தால் 34 என்ன, 64 வயதிலும் விளையாடலாம். முடிக்காமல் உட்கார்ந்தால் கேட்பவர்கள் பக்கம்தான் நியாயம்.

கட்டுவது சலிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்சநாளாகவே இதை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்திராநகர் நூறடி ரோட்டுக்கு உள்பக்கம் ஒரு தெருவில் என் அப்பா கட்டிய வீடு ஒன்று உண்டு. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஜேசிபி வைத்து இடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அரூரிலிருந்து சித்தாளாகப் பெங்களூர் வந்தவர். கொத்தனாராகி, மேஸ்திரியாகி, கோரமங்கலா முதல் ஃபிரேசர் டவுன் வரை அவர் கை படாத பேட்டை குறைவு. அந்த வீடு இடிபடுவதை நின்று பார்த்த வாரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. ஆகையால் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆசைப்படுகிற விளையாட்டை ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. முதல் 'டான் ஆஃப் வார்' 2004-இல் வந்தது, வான்கூவரிலுள்ள ரெலிக் நிறுவனம் செய்தது. 2009-இல் இரண்டாம் பாகத்தில் பேஸ் கட்டுவதை அப்படியே எடுத்துவிட்டார்கள். நாலைந்து படைக்குழுக்கள், நேராகச் சண்டை. நல்ல விளையாட்டுதான், அதில் வந்த 'லாஸ்ட் ஸ்டாண்ட்' ஆட்டத்துக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது வேறு வகை. மறு வருடமே இதே வகையில் இன்னொரு விளையாட்டான 'கமாண்ட் அண்ட் காங்கர் 4' வந்தது. அதிலும் பேஸ் கிடையாது, 'கிராலர்' என்று நடமாடும் வண்டி ஒன்று மட்டும். 1995-இல் தொடங்கிய அந்தப் பெரிய தொடரின் முதன்மைக் கதை அத்தோடு நின்றுபோனது. 2017-இல் 'டான் ஆஃப் வார் 3' கட்டடங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் மனமெல்லாம் எலைட் எனப்படும் நாயகர்கள் மேல். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2018 பிப்ரவரியில் இனி இதற்குப் புதிதாக எதுவும் செய்வதில்லை என்று கைவிட்டுவிட்டார்கள். இதே வகையில் புகழ்பெற்ற 'ஸ்டார்கிராஃப்ட் 2' கூட 2015-இல் தொடக்கத்தில் தரும் வேலையாட்களை ஆறிலிருந்து பன்னிரண்டாக்கியது, ஆரம்பச் சலிப்பைக் குறைக்கிறோம் என்று. எனக்கு அப்போதே அது ஒப்பவில்லை. அந்த ஆறு பேரை வைத்துக்கொண்டு திண்டாடும் நேரத்தில்தான் எதிராளி எப்படிப்பட்டவன் என்று யோசிக்கத் தொடங்குவோம்.

இப்போது நான்காம் பாகத்தைச் செய்வது ரெலிக் இல்லை. ஜெர்மனியில் பிரேமன் நகரத்தின் கிங் ஆர்ட் நிறுவனம், 2020-இல் 'அயர்ன் ஹார்வெஸ்ட்' செய்தவர்கள். 2025 ஆகஸ்டில் கேம்ஸ்காம் என்ற விளையாட்டுக் கண்காட்சியில் அறிவித்தபோதே பேஸ் கட்டுவது திரும்பி வருகிறது என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன். நீங்கள் சங்கடப்படுகிறீர்கள்.

ஏன் சந்தோஷம் என்று சொல்கிறேன். 2005 வாக்கில் அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு கேமிங் சென்டர் இருந்தது. நடத்தியவர் ஆம்பூர்க்காரர். பத்துப் பன்னிரண்டு கணினிகளை ஒன்றோடொன்று கேபிளில் இணைத்து வைத்திருப்பார். பாதிப்பேர் கவுன்டர் ஸ்டிரைக், மூலையில் நாங்கள் நாலு பேர் ஸ்டார்கிராஃப்ட். ஒரு நாள் சாயங்காலம் அப்பா என்னைத் தேடிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். சட்டையெல்லாம் சிமென்ட். நான் எழுந்திருக்கப் போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதனின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் டெர்ரன் என்ற மனிதர் படையை எடுத்திருந்தான். பாரக்ஸில், அதாவது சிப்பாய்கள் உருவாகும் கட்டடத்தில், ஆர்டர் கொடுத்தால் ஆள் வரவில்லை. சப்ளை டிப்போ போதவில்லை என்று குரல் வந்துகொண்டே இருந்தது. "என்னடா சொல்லுது அது?" என்று கேட்டார். ஆள் எடுக்கப் பணம் இருக்கிறது, ஆனால் இருக்கிறவர்களுக்கே சப்ளை பத்தவில்லை, ஒரு டிப்போ கட்டினால் எட்டுப் பேருக்கு ஆகும், அதற்கு நூறு மினரல், அந்த விளையாட்டின் காசு, வேண்டும் என்று சொன்னேன். அப்பா அவன் தோளைத் தொட்டு, "ஏம்பா, ஆளுங்க வந்தா எங்க படுப்பாங்க? மொதல்ல ஷெட்டு. அப்புறம் தண்ணி. அதுக்கப்புறம்தான் ஆளக் கூப்பிடணும்" என்றார். அவன் உடனே இரண்டு டிப்போ போட்டான். அப்பா அந்த ஆட்டம் முடியும்வரை நகரவில்லை. தொழிலாளி கட்டடத்தைச் சுற்றி ஓடுவதையும், பொறி பறப்பதையும், பாதி எழும்பிய கட்டடத்தை எதிரி வந்து உடைப்பதையும் பார்த்துக்கொண்டு நின்றார். உடைத்தபோது "ச்ச்" என்றார். சண்டையில் சிப்பாய்கள் செத்தபோது ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வகை விளையாட்டில் போர் எங்கே நடக்கிறது என்று நினைக்கிறீர்கள்? துப்பாக்கிச் சத்தம் கேட்கும் இடத்திலா? எதிராளி முதலில் என்ன கட்டுகிறான் என்று பார்க்க ஒரு வேலையாளை அனுப்புகிறீர்கள். ஸ்டார்கிராஃப்டில் ஸெர்க் என்ற பூச்சிப் படையை எடுத்தவன் வேலையாள் சேர்ப்பதை விட்டுவிட்டு, ஸெர்க்லிங் என்ற சண்டைப் பூச்சிகளுக்கு வேண்டிய ஸ்பானிங் பூலைச் சீக்கிரமே கட்டியிருந்தால், கொஞ்ச நேரத்தில் அந்தக் கூட்டம் வாசலுக்கு வந்துவிடும். பூல் தாமதமாகி ஹேச்சரி என்ற தலைமைக் கட்டடம் இரண்டாவதாக ஒன்று முதலில் எழும்பியிருந்தால் அவன் நீண்ட ஆட்டத்துக்குத் தயாராகிறான். அவன் பேராசைக்காரனா, பயந்தவனா, ஏமாற்றுக்காரனா என்பதெல்லாம் அவன் கட்டடங்களின் வரிசையில் இருக்கிறது. இங்கே ஒரு தொழிற்சாலையைக் கட்டினால் அந்தப் பணத்துக்கு வந்திருக்கக்கூடிய நாலு சிப்பாய்கள் வரமாட்டார்கள். கட்டிய ஒவ்வொன்றும் நீங்கள் எதிரியைப் பற்றிச் செய்த ஒரு ஊகம். சண்டை வரும்போது அந்த ஊகம் சரியா தப்பா என்று தெரிகிறது, அவ்வளவுதான். கட்டுவதை எடுத்துவிட்டால் யார் விரல் வேகமாக ஓடுகிறது என்பது மட்டுமே மிஞ்சும். அதற்கு வேறு விளையாட்டுகள் நிறைய இருக்கின்றன. தாராளமாக அங்கே போங்கள்.

1992-இல் வெஸ்ட்வுட் செய்த 'ட்யூன் 2'-இலிருந்தே இது இப்படித்தான். அதில் கட்டடம் வைக்கும் முன் மணல்மேல் கான்கிரீட் பலகைகள் பாவ வேண்டும். பாவாமல் வைத்தாலும் கட்டடம் நிற்கும், ஆனால் தொடக்கத்திலேயே பலம் குறைந்துபோய் நிற்கும். பலகைக்குப் பணம் வேண்டும், நேரம் வேண்டும், எதிரியோ வந்துகொண்டிருப்பான். அவசரத்தில் அதைத் தவிர்ப்பதா வேண்டாமா என்று அந்தப் பழைய விளையாட்டு நம்மைத் தவிக்க வைத்தது. பின்னால் வந்தவர்கள் அதைத் தொந்தரவு என்று எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

நீங்கள் 'டான் ஆஃப் வார்' ரசிகர் என்பதால் அதிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 2006-இல் வந்த அதன் விரிவாக்கமான 'டார்க் குருசேட்' ஆடியிருப்பீர்கள். குரோனஸ் கிரகம், ஏழு படைகள். அதில்தான் நெக்ரான்கள் என்ற இயந்திரப் படை முதன்முதலில் நம் கைக்கு வந்தது. மற்றவர்களுக்கு ரெக்விசிஷன், பவர் என்று இரண்டு வளம். நெக்ரான்களுக்குப் பவர் மட்டும்தான். ஜெனரேட்டர் மேல் ஜெனரேட்டராக வைத்துக்கொண்டே போகவேண்டும். எலும்புக்கூட்டு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக மெல்ல எழுந்து வரும். எதிரி பாதி வரைபடத்தைப் பிடித்துவிடுவான். நீங்கள் சகித்துக்கொண்டு உங்கள் மோனோலித்தை, அதாவது உங்கள் தலைமைக் கட்டடத்தை, படிப்படியாக மீட்டெடுப்பீர்கள். கடைசியில் அந்தக் கட்டடமே தரையை விட்டு எழுந்து போருக்குக் கிளம்பும். அதை வெளியே கொண்டுபோய் அது விழுந்தால் உங்கள் தலைமையிடமே விழுந்தது. அதை அனுப்புவதா வீட்டிலேயே வைத்திருப்பதா என்று கை நடுங்க யோசித்த இரவுகள் எனக்கு உண்டு. அந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது, ச.? அதற்கு முன்னால் நீங்கள் சலிப்பு என்று சொல்லும் அந்த நேரம் முழுக்க அதைக் கட்டிக்கொண்டிருந்ததால் வந்தது. ஆட்டம் தொடங்கும்போதே எழுந்த மோனோலித்தைக் கையில் கொடுத்திருந்தால் அது இன்னொரு பீரங்கி வண்டி.

இந்த ஊரில் இருந்துகொண்டு, சுற்றிலும் பச்சை வலை போர்த்திய கட்டடங்களுக்கு நடுவே தினமும் ஒயிட்ஃபீல்டுக்குப் போய்வருகிற நீங்கள் கட்டுவது சலிப்பு என்று சொல்வதுதான் எனக்கு உறைக்கிறது. உங்கள் ஆபீஸ் இருக்கும் இடத்தில் யாரோ தகர ஷெட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டியிருக்கிறார்கள். அதில் பாதிப்பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை ஆட்களாகவும் இருந்திருப்பார்கள். வேலை முடிந்ததும் ஷெட்டைப் பிரித்துக்கொண்டு அடுத்த சைட்டுக்குப் போயிருப்பார்கள். விளையாட்டை விட்டு எங்கேயோ போய்விட்டேன் என்று நினைப்பீர்கள். நான் போகவில்லை. கட்டும் நேரத்தை வீண் நேரம் என்று பார்க்கிற கண்ணை உங்களுக்கு யாரோ பழக்கியிருக்கிறார்கள். விளையாட்டிலாவது அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு 'டான் ஆஃப் வார்' ஆடாதீர்கள். ஒருவனை ஒருவன் தூக்கிக் குத்திக் கிழிப்பதைத் தனியாக அசைவமைத்துக் காட்டும் விளையாட்டு அது. அந்தச் சிங்க் கில்கள்தான் அதன் புகழே, நான்காம் பாகத்திலும் அவை உண்டு. அவனுக்குச் சண்டை பிடிக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அதில் கொஞ்சம்கூட உறுத்தவில்லையா? அவனுக்கு 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' போட்டுக் கொடுங்கள். 2022-இல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' தொகுப்பில் திராவிடர்கள் என்று ஒரு நாகரிகமே இருக்கிறது. உறுமி வீரர்கள், திரிசடைக் கப்பல், ராஜேந்திர சோழனைப் பற்றிய தனிப் படலம் எல்லாம் உண்டு. ஒவ்வொரு யுகம் மாறும்போதும் அவர்களுக்கு இருநூறு மரம் கிடைக்கும். அதைத் துறைமுகத்துக்குச் செலவழிப்பதா வீடுகளுக்குச் செலவழிப்பதா என்று அவனைக் கேளுங்கள். அவன் சொல்வதைக் கட்டுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

முன்பதிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எந்த விளையாட்டுக்கும் வேண்டாம், வெளியாகி நாலுபேர் ஆடிச் சொன்ன பிறகு வாங்கினால் ஒன்றும் குறைந்துபோகாது. அதுவரை முதல் பாகத்தின் புதுப்பித்த பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷன் இருக்கிறது, 2025 ஆகஸ்டில் வந்தது, உங்கள் பழைய லேப்டாப்பிலேயே ஓட வாய்ப்பு உண்டு. பழைய விரிவாக்கங்களும் அதிலேயே சேர்ந்து வருகின்றன. நெக்ரான்களை எடுத்து, அவசரப்படாமல், ஒரு ஆட்டத்தை முழுதாக ஆடிப் பாருங்கள். பிறகும் சலிப்பாக இருந்தால் எந்த நிமிடத்தில் சலித்தது, அப்போது என்ன கட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். கண்டிப்பாகப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்