வறுமைக் கணக்கு: கேளுங்க, சொல்றேன்

குடும்பச் செலவு சர்வேக்கு வீடு வீடா போன ஆளு நான், அந்த வட்டத்துக்குள்ள கேளுங்க. எந்த வறுமைக் கோடு, எந்த வருஷம்னு சொல்லாம வெறும் சதவீதத்த மட்டும் தூக்கிட்டு வராதீங்க ப்ளீஸ்.

கேள்வி: இந்தியாவுல ஏழைங்க 5.3 சதவீதம்தானாமே சார்?

பதில்: அது உலக வங்கியோட கோடு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 டாலர், 2022-23 கணக்கு. நம்ம அரசோட கோடு இன்னும் டெண்டுல்கர் கமிட்டி போட்ட கோட்டோடயே நிக்குது. 2011-12ல அது கிராமத்துல ஆளுக்கு மாசம் 816 ரூபா, நகரத்துல 1000. அப்புறம் வந்த ரங்கராஜன் கமிட்டி அத 972, 1407னு ஏத்திச்சு, அதே வருஷத்துக்கு ஏழைங்க 21.9 சதவீதத்துலேர்ந்து 29.5 ஆயிட்டாங்க. அரசு அத ஏத்துக்கல.

கேள்வி: கேள்வித்தாள மாத்தித்தான் வறுமைய கொறச்சாங்களாமே?

பதில்: பாதி சரி. போன 30 நாள்ல காய்கறி, முட்டை, மீனுக்கு எவ்ளோ செலவாச்சுன்னு கேட்டா யாருக்குங்க ஞாபகம் இருக்கும், கொறச்சுத்தான் சொல்வாங்க, 7 நாளுக்கு கேட்டா கணக்கு கூடுதலா வரும். 2011-12ல ரெண்டு விதமாவும் கேட்டாங்க, கிராமத்துல ஆளுக்கு மாசச் செலவு சராசரி 30 நாள் முறைல 1287 ரூபா, 7 நாள் முறைல 1430. அதே நாடு அதே வருஷம்! 2022-23ல 7 நாள் முறைதான், அதுக்கு மேல ஒரே தடவைல முடிக்காம மூணு தடவை வீட்டுக்குப் போனாங்க.

கேள்வி: அப்ப பித்தலாட்டம்னு ஒத்துக்கறீங்க?

பதில்: எங்க ஒத்துக்கிட்டேன்? புது முறை நல்ல முறைண்ணே. பழைய நம்பர் பக்கத்துல வெச்சு "பாத்தியா எவ்ளோ கொறஞ்சிருச்சு"ன்றதுதான் தப்பு. பித்தலாட்டம்னு கத்தணும்னா 2017-18 செலவு சர்வேய வெளியிடாம நிறுத்தினாங்களே, அதுக்குக் கத்துங்க.

கேள்வி: நல்ல முறைன்னா பழச ஏன் கட்டி அழணும்?

பதில்: அழ வேணாம். ஒரு பகுதி வீட்டுல பழைய கேள்வித்தாள், மீதில புதுசு, ரெண்டையும் ஒரே வருஷத்துல கேட்டு ரெண்டு முடிவையும் வெளியிடட்டும், கோட்டையும் புதுக் கணக்குக்கு ஏத்தமாதிரி திரும்பப் போடட்டும். இந்தச் சண்டையே இருக்காது.

கேள்வி: என் ரேஷன் கார்டு வகைய மாத்த முடியுமா?

பதில்: தாலுகா ஆபீஸ்ல வழங்கல் பிரிவுக்குப் போங்க.

கேள்வி: தமிழ்நாட்டுல வறுமை 2.2தான?

பதில்: திரும்பவும் வெறும் சதவீதம்! அது நிதி ஆயோக்கோட பல பரிமாணக் கணக்கு, 2019-21 குடும்ப நல சர்வேலேர்ந்து எடுத்தது. சத்து, படிப்பு, கழிப்பறைன்னு 12 விஷயம் பாக்கும், மாசம் எவ்ளோ செலவு பண்றீங்கன்னு பாக்காது. பேங்க் அக்கவுண்ட் இருக்கான்னு கேக்கும், உள்ள எவ்ளோ இருக்குன்னு கேக்காது.

கேள்வி: வீட்டுல பொம்பளைங்க தனியா எவ்ளோ சாப்பிடறாங்கன்னு கேப்பீங்களா அண்ணா?

பதில்: செலவு சர்வேல இல்லம்மா. மொத்தச் செலவ தலைக்கு வகுத்துருவோம், மாமியாருக்கும் மருமகளுக்கும் கணக்குல ஒரே பங்குதான். இதுக்குத் தனி சர்வே வேணும், செலவும் நாளும் பிடிக்கும், ஆனா நான் ஓட்டு போடறது இதுக்குத்தான்.