வட்டியில்லாத் தவணையில் லைப்போசக்‌ஷன்: எஃப்.டி-யை உடைக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வயது 38. தனியார் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 24,000. கணவருக்கு சிப்காட்டில் வேலை, 38,000. இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். அதற்குப் பிறகு வயிறு உள்ளே போகவே இல்லை. போன மாதம் பஸ்ஸில் ஒரு அம்மா, "எத்தனாவது மாசம்?" என்று கேட்டு எழுந்து இடம் கொடுத்தார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில், தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனுக்கு 1,40,000 ரூபாய் கேட்கிறார்கள், 12 மாத வட்டியில்லாத் தவணை. மொத்தமாகக் கட்டினால் 1,28,000. வரி தனி. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. கொழுப்பை எடுத்தால் அதுவும் இறங்கும் என்றார்கள். முன்பதிவுக்கு 5,000 கட்டிவிட்டேன். கையில் 1,60,000 எஃப்.டி, ஆறு பவுன் நகை, குடும்பத்துக்கு 5 லட்சம் ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கிறது. எஃப்.டி-யை உடைக்கவா, நகையை வைக்கவா, தவணையில் போகவா?

பதில்: சகோதரி, உங்கள் உடம்பைப் பற்றிய ஆசையை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். பஸ்ஸில் நடந்ததை எழுதியிருக்கிறீர்களே, அந்த வலிக்குக் கணக்குப் போட முடியாது. ஆனால் நீங்கள் கேட்ட மூன்று வழியில் எதையும் இப்போது எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த வட்டியில்லாத் தவணை. மொத்தமாகக் கொடுத்தால் 1,28,000, தவணையில் 1,40,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த 12,000 ரூபாய்தான் வட்டி. பெயர் மட்டும் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. இத்தோடு கடன் கொடுக்கும் நிதி நிறுவனம் செயல்பாட்டுக் கட்டணம் பிடிக்கும். 2 சதவீதம் என்று வைத்தால் 2,800, அதற்கு ஜி.எஸ்.டி 504. மாதம் 11,667 வீதம் 12 மாதம் கட்டினால், உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 22 சதவீதம் வருகிறது. கையெழுத்துப் போடும் முன் கடன் விவரத் தாளைக் கேளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அதைத் தர வேண்டும், அதில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருட வட்டி விகிதம் இருக்கும். இன்னொன்று, அந்தக் கடன் கிளினிக்குக்கும் உங்களுக்கும் இடையில் இல்லை. நிதி நிறுவனத்துக்கும் உங்களுக்கும்தான். நாளைக்கு சிகிச்சை சரியில்லை என்றாலும், கிளினிக்கையே மூடிவிட்டாலும், தவணை கேட்டு போன் வந்துகொண்டுதான் இருக்கும்.

"வரி தனி" என்றார்களே, அது சின்னத் தொகை இல்லை. சாதாரண மருத்துவச் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி கிடையாது. அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு 18 சதவீதம் உண்டு. பிறவிக் குறையையோ வளர்ச்சிக் குறையையோ விபத்துக் காயத்தையோ சரிசெய்வதற்கு மட்டும்தான் விலக்கு. 1,28,000-க்கு வரி 23,040, ஆக 1,51,040. ரத்தப் பரிசோதனை, மருந்து, புதுச்சேரிக்குப் போய்வரும் செலவு, துணைக்கு வருகிறவரின் லீவு, எல்லாம் இதற்கு மேல். நான்கிலிருந்து ஆறு வாரம் ராப்பகலாகப் போட்டுக்கொள்ள வேண்டிய இறுக்க உடையையும் மாற்றுக்கு ஒன்று சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். மே மாத விடுமுறை வசதி என்று தோன்றும். கத்திரி வெயிலில் கடலூர்ப் புழுக்கத்தில் அந்த உடை பெரும் அவஸ்தை. அரையாண்டு விடுமுறையையும் சில நாள் லீவையும் சேர்த்து எடுங்கள்.

இனி இன்சூரன்ஸ். உங்களை எழுதவைத்ததைவிட எனக்குக் கவலையாக இருப்பது இதுதான். அழகு அறுவை சிகிச்சை எல்லா ஹெல்த் பாலிசியிலும் நிலையான விலக்குகளில் ஒன்று. அது தெரிந்ததுதான். தெரியாதது, அந்த அறுவையால் பிறகு வரும் சிக்கலுக்கான செலவையும் கம்பெனிகள் பெரும்பாலும் மறுத்துவிடும் என்பது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. அறுவை முடிந்து ஐந்தாம் நாள் கிருமித் தொற்று, வேறு ஆஸ்பத்திரியில் எட்டு நாள் படுக்கை. பாலிசி இருந்தும் ஒரு ரூபாய் வரவில்லை, பில் அறுவைச் செலவையே தாண்டியது. கட்டியது முழுக்க வட்டிக்கு வாங்கிய பணம். லைப்போசக்‌ஷனில் தொற்று, நீர் கோத்துக்கொள்வது, தோல் மேடுபள்ளமாவது, அரிதாகக் கொழுப்புத் துணுக்கோ ரத்தக் கட்டியோ நுரையீரல் குழாயை அடைப்பது எல்லாம் அறியப்பட்ட ஆபத்துகள். அதனால் உங்கள் 1,60,000 எஃப்.டி-யை அறுவைக்கு எடுக்காதீர்கள் என்கிறேன். அறுவை நடக்கும் நாளில் இன்சூரன்ஸ் நிற்காத இடத்தில் நிற்கப்போவது அந்த எஃப்.டி மட்டும்தான். நகையும் அதே கணக்கு. நகைக் கடன் வட்டி 22 சதவீதத்தைவிடக் குறைவுதான், ஆனால் நள்ளிரவில் பணம் தேவைப்பட்டு விடிந்ததும் ஓட வேண்டியிருந்தால் உதவுவது வீட்டில் இருக்கும் பவுன்தான்.

யாராவது "குடலிறக்கம் (ஹெர்னியா) என்று எழுதி க்ளெய்ம் போட்டுத் தருகிறோம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது மோசடி. க்ளெய்ம் போவதோடு குடும்பம் முழுவதற்குமான பாலிசியே ரத்தாகலாம்.

ஆனால் உண்மையாகவே குடலிறக்கம் இருந்தால்? சிசேரியன் தழும்பில் வருவது உண்டு. அது நோய், பாலிசி எடுத்த பின் க்ளெய்ம் தராத ஆரம்பக் காத்திருப்புக் காலம் முடிந்திருந்தால் பாலிசியில் க்ளெய்ம் செய்யலாம். அதனால்தான் பணத்தைப் பற்றிக் கேட்ட உங்களை முதலில் டாக்டரிடம் அனுப்புகிறேன். இரண்டு பிரசவத்துக்குப் பிறகு வயிறு முன்தள்ளி இருக்கப் பல காரணங்கள். நடுவில் தசை விலகியிருக்கலாம், தோல் தொங்கலாம், கொழுப்பு குடலைச் சுற்றி உள்ளே இருக்கலாம். லைப்போசக்‌ஷன் குழாய் எடுப்பது தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பை மட்டும். விலகிய தசை அப்படியே இருக்கும், தொங்கும் தோல் இன்னும் தொங்கலாம். ஒன்றரை லட்சம் செலவழித்தும் பஸ்ஸில் அதே கேள்வி வந்தால் அதைவிட நஷ்டம் எது?

சர்க்கரை இறங்கும் என்றார்களே, அதை நம்பிச் செலவு செய்யாதீர்கள். 2004-ல் அமெரிக்காவில் உடல்பருமன் உள்ள 15 பெண்களுக்கு வயிற்றுக் கொழுப்பைப் பெருமளவில் எடுத்துவிட்டுச் சில வாரம் கழித்துச் சோதித்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் விதம் மாறவில்லை. இது எடைக்குறைப்புச் சிகிச்சையும் இல்லை. ஒரே தடவையில் எடுப்பது சுமார் 5 லிட்டரைத் தாண்டினால் ஆபத்து கூடும் என்பதால் அளவோடுதான் எடுப்பார்கள். மாறாக, சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் அறுவைக்குப் போனால் காயம் ஆறத் தாமதமாகும், தொற்று வரும் வாய்ப்பும் கூடும்.

ஆகவே அந்தக் கிளினிக்கோடு சம்பந்தமில்லாத ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் வயிற்றைக் காட்டுங்கள். எம்.எஸ் முடித்து அதற்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச் அல்லது டி.என்.பி படித்தவராக இருக்க வேண்டும். "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்ற பலகை மட்டும் போதாது. ஜிப்மரில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது, கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கூட்டத்தில் காத்திருக்க வேண்டிவரும், பரவாயில்லை. உங்களுக்கு எதையும் விற்கவேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லை.

அவரும் லைப்போசக்‌ஷன் பொருந்தும் என்றால் கிளினிக்கில் கேட்க வேண்டியது நிறைய. கத்தியைப் பிடிக்கப்போவது யார், அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன, மயக்க மருந்து டாக்டர் கடைசிவரை கூட இருப்பாரா, நிலைமை மோசமானால் எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள், அந்தச் செலவு யாருடையது. கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். மேடுபள்ளமானால் திரும்பச் சரிசெய்யக் கட்டணம் உண்டா என்பதையும். ஒப்புதல் படிவத்தை முதல் நாளே வீட்டுக்கு வாங்கி வந்து கணவரோடு உட்கார்ந்து படியுங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ஜி.எஸ்.டி எண்ணோடு பில் வேண்டும். பில் வேண்டாம், வரியைக் குறைக்கிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள். பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கிளினிக் புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. ஆனால் கையில் பில் இருக்க வேண்டும்.

பணத்துக்கு வழி இதோ. மாதம் 11,667 தவணை கட்ட முடியும் என்று நினைத்துத்தானே கிளினிக் வரை போனீர்கள்? அதில் 11,500-ஐ மாதாமாதம் வங்கியில் தொடர் வைப்பாக (ஆர்.டி) போடுங்கள். 15 மாதத்தில் 1,72,500 சேரும், 6.5 சதவீத வட்டி என்றால் இன்னும் ஏழாயிரத்துச் சொச்சம். வரியோடு 1,51,040 போக மீதி மருந்துக்கும் உடைக்கும் ஆகும். எஃப்.டி தொடப்படாமல் இருக்கும், பவுன் பெட்டியில் இருக்கும், 22 சதவீதம் யாருக்கும் போகாது. அந்த 15 மாதத்தில் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர நேரம் கிடைக்கும். இரண்டு மூன்று மாதத்திலேயே ஆர்.டி தவணை கட்டத் திணறினால் அதுவும் ஒரு பதில்தான், கடனாக இருந்திருந்தால் அந்தப் பதில் அபராதத்தோடு வந்திருக்கும்.

கட்டிய 5,000-க்காக மனசு தடுமாற வேண்டாம். "முடிவைத் தள்ளிவைக்கிறேன், முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று இன்றே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, ரசீதின் படத்தையும் சேர்த்து வையுங்கள்.