40,000 வாங்கிக் கையெழுத்துப் போட்டாச்சு, இனி வழக்குப் போடலாமா?

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் என் கணவரின் பைக்கில் கார் மோதி, வலது கால் முறிந்து பிளேட் வைத்தார்கள். மறுநாளே கார்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து 40,000 ரூபாய் கொடுத்து, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இப்போது இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். பணம் வாங்கியதால் எங்கள் உரிமை போய்விட்டதா? – வாசகி, சேலம்

பதில்: பணம் வாங்கியதாலேயே உரிமை போய்விடாது. எதற்காக வாங்கியதாகத் தாளில் எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். நகல் இருந்தால் எடுத்து வரிவரியாகப் படியுங்கள்.

'வண்டிச் சேதத்துக்காக' என்று இருந்தால் காலுக்கான இழப்பீடு அப்படியே நிற்கிறது. வண்டி வேறு, உடம்பு வேறு. 'மருத்துவச் செலவுக்கு' என்றிருந்தால், வருமான இழப்பு, வலி வேதனை, ஊனம் எல்லாம் தனித்தனியாகக் கேட்கலாம்.

'இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று இருந்தால்தான் சிக்கல். வரவேண்டியதில் குறைவாகப் பெற்றுக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 63வது பிரிவு இடம் கொடுக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அப்போதும் மனம் தளர வேண்டாம். முத்திரைத்தாளின் தேதியையும் டிஸ்சார்ஜ் சம்மரியின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கால் எப்போது சரியாகும் என்று டாக்டருக்கே தெரியாத நாளில், கட்டிலில் படுத்துக்கொண்டு போட்ட கையெழுத்து அது. மனமறிந்து போட்ட சமரசம் இல்லை என்று வாதாட அதுவே நல்ல ஆதாரம்.

வாங்கிய பணத்தை மறைக்கவே மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. மனுவிலேயே சொல்லிவிட்டால், கிடைக்கும் இழப்பீட்டில் 40,000 கழியும், அவ்வளவுதான்.

சரி, அவசரமான விஷயம் இது: 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு இரண்டே மாதம்தான் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். காரின் இன்சூரன்ஸ் கம்பெனியையும் மனுவில் எதிர்த்தரப்பாகக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். எஃப்.ஐ.ஆர் பதிவாகவில்லை என்றால் இன்றே புகார் கொடுங்கள்.

அப்புறம், வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குப் போய்ச் சமரசம் பேசினால் நல்லதுதான். ஆனால் அங்கே போடும் கையெழுத்து ஆஸ்பத்திரியில் போட்டது மாதிரி இல்லை. அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் அடுத்த ஆபரேஷனுக்கும், பிற்பாடு பிளேட் எடுப்பதற்கும் எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போங்கள்.