ஆயிரக்கணக்கான எம்பி3 பாட்டுகளின் டேக்குகளை டெர்மினலிலிருந்தே மொத்தமாக மாற்ற முடியுமா?

தாராளமாக முடியும். "பழைய சினிமாப் பாட்டு மூவாயிரம் இருக்கிறது, ஆல்பம் பெயரும் பாடகர் பெயரும் கன்னாபின்னாவென்று கிடக்கின்றன" என்று கேட்டிருக்கிறீர்கள். டேக் என்பது பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும் தலைப்பு, பாடகர், ஆல்பம் போன்ற விவரம்; டெர்மினல் என்பது கட்டளை அடிக்கும் திரை. என்னிடமும் அதே கதைதான். நான் லினக்ஸில் பயன்படுத்துவது மிட்3வி2. மியூட்டாஜென் என்ற பைதான் தொகுப்போடு வரும் சின்ன நிரல் இது. ஐடி3வி2 என்று பெயருள்ள பழைய கட்டளையை யாராவது சொன்னால் தொடாதீர்கள். தமிழில் பெயர் கொடுத்தால் குதறிவிடும்.

கட்டளைக்குப் போகுமுன், எந்தக் கட்டத்தில் யார் பெயர் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நம் சினிமாப் பாட்டுகளில் பாதிச் சிக்கல் இங்கேதான். ஒரு படத்தில் ஆறு பாட்டு, ஆறு விதமான பாடகர்கள். பாடகர் கட்டத்தை மட்டும் நம்பும் ப்ளேயர் அதை ஆறு ஆல்பமாக உடைத்துவிடும். அதற்கு மருந்து டிபிஇ2 என்ற கட்டம். எம்பி3 டேக்குகளுக்கான ஐடி3 வரையறைப்படி அது இசைக்குழுவுக்கு உரியது. ஆனால் பெரும்பாலான ப்ளேயர்கள் அதை 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்றே எடுத்துக்கொள்கின்றன. நான் அதில் இசையமைப்பாளர் பெயரைப் போடுகிறேன். நாம் பாட்டைத் தேடுவதே அந்தப் பெயரில்தானே.

அடிப்பது இவ்வளவுதான்: மிட்3வி2, இடைவெளி, இரண்டு கோடு போட்டு டிபிஇ2, மேற்கோள் குறிக்குள் பெயர், கடைசியில் நட்சத்திரக் குறியும் புள்ளி எம்பி3-யும். என்டர் தட்டினால் அந்த ஃபோல்டர் முழுக்க மாறிவிடும்.

இதில் ஒரு குழி உண்டு. ஒற்றைக் கோடும் சின்ன ஏ-யும் போட்டால் பாடகர். பெரிய ஏ போட்டால் ஆல்பம். ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பெரியதற்குப் பதில் சின்னதை அடித்து, நாற்பத்துச் சொச்சம் பாட்டுகளுக்கும் படத்தின் பெயரையே பாடகராக்கிவிட்டேன். 'அன்டூ' எல்லாம் கிடையாது. அன்றிலிருந்து ஃபோல்டரை நகல் எடுக்காமல் கை வைப்பதில்லை.

பாட்டின் தலைப்பு கோப்புக்குக் கோப்பு மாறுமே? கோப்பின் பெயரில் வரிசை எண்ணும் தலைப்பும் ஒழுங்காக இருந்தால் கிட்3-சிஎல்ஐ நிரலின் 'டுடேக்' கட்டளை அவற்றைப் பிரித்து டேக்கில் எழுதிவிடும். ஒரே கட்டளையைக் கோப்பு கோப்பாக ஓட்டும் ஃபார் லூப் எழுதுவதென்றால், முதல் ஓட்டத்தில் கட்டளைக்கு முன்னால், அதை ஓட்டாமல் திரையில் காட்ட மட்டும் செய்யும் 'எக்கோ'வைச் சேர்த்து, என்ன நடக்கப்போகிறது என்று படித்துப் பாருங்கள். கோப்பின் பெயரைக் கட்டாயம் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். நம்முடைய கோப்புப் பெயர்களில் இடைவெளிக்குப் பஞ்சமே இல்லை.

அப்புறம் கேள்விக்குறி விவகாரம். தமிழில் அழகாகத் தலைப்பு போட்டு பென்டிரைவை காரில் செருகினால், திரையில் ஏழெட்டுக் கேள்விக்குறி. போனில் அதே பாட்டு சரியாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. பழைய கோப்புகளின் வாலில் 128 பைட்டுக்கு ஐடி3வி1 என்று இன்னொரு டேக் ஒட்டிக்கொண்டிருக்கும். தலைப்புக்கு அதில் 30 பைட்தான். மிட்3வி2 தலையிலுள்ள புதிய டேக்கை எழுதும்போது, வால் டேக் ஏற்கெனவே இருந்தால் அதையும் திருத்தும். ஆனால் அங்கே லத்தீன் எழுத்துக்குத்தான் இடம்; தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். என் கார் ப்ளேயர் வாலைத்தான் படித்திருக்கிறது. கோடும் சின்ன எஸ்-ஸும் கொடுத்தால் வால் டேக் மட்டும் போய்விடும்.

அதன் பிறகும் சில பழைய ப்ளேயர்கள் அடம்பிடிக்கும். மிட்3வி2 எழுதுவது ஐடி3-யின் 2.4 பதிப்பு, அவற்றுக்குப் புரிவது 2.3. ஒலி, ஒளிக் கோப்புகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் நிரலில் பதிப்பு எண் 3 என்று கேட்டு வாங்கலாம். ஆனால் அது இருக்கிற கோப்பைத் திருத்தாது, புதிதாக ஒன்றை எழுதும். 'கோடெக் காப்பி' என்று சொல்ல மறந்தால் பாட்டையே மறுபடி சுருக்கி, ஒலித்தரத்தையும் கொஞ்சம் தின்றுவிடும்.

உங்கள் மூவாயிரத்தில் ஃப்ளாக் கோப்பு (ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் வகை) ஏதாவது இருந்தால் முதலில் தனி ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். அதன் டேக் முறை வேறு, அதற்கு வோர்பிஸ் கமென்ட் என்று பெயர். அதற்கு மெட்டாஃப்ளாக் என்ற கட்டளை இருக்கிறது. மிட்3வி2-வை அதன் பக்கம் விடாதீர்கள்.