தோப்பில் நிற்கும் தாத்தாவின் பஸ்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். தாத்தா ஒரே ஒரு பஸ் வைத்து ஓட்டியவர். 1960-களில் வாங்கிய அந்த லேலண்ட் காமெட், மரச் சட்டத்தில் பாடி கட்டியது, முப்பது வருடங்களுக்கு மேலாகத் தென்னந்தோப்பில் நிற்கிறது. பெரியப்பா பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போல ஆக்கி, கல்யாண ஊர்வலத்துக்கு விடலாமா? வண்டியை ஓட்டிய டிரைவர் நீடாமங்கலத்தில் இருக்கிறார், வயது எண்பதுக்கு மேல். படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் மூன்றாவது படத்தில் கடைசி சீட் ஓரமாக உர மூட்டைகள் தெரிகின்றன. இன்றைக்கே இறக்கிவிடுங்கள். பொட்டாஷ் ஒரு வகை உப்பு. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, அலுமினியத் தகட்டையும் அதற்கு அடியில் இருக்கும் இரும்பையும் சேர்த்தே அரித்துவிடும். மழையில் நின்று கெட்ட வண்டிகளைவிட, உள்ளே உரம் அடுக்கியதால் தரை போன வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நெல், வைக்கோலும் வேண்டாம். அவற்றைத் தேடி எலி வரும், வந்த எலி ஒயரைக் கடிக்கும்.

மூட்டையை இறக்கிய கையோடு நீடாமங்கலத்துக்குப் போய் வாருங்கள். இதை வண்டி வேலைக்கு முன்னால் சொல்வதற்குக் காரணம் உண்டு. முப்பது வருடம் தாங்கிய வண்டி இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும். அந்தப் பெரியவரின் நினைவு அதுவரை காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. முடிந்தால் காரில் தோப்புக்கே அழைத்து வந்து அவருடைய சீட்டில் உட்கார வையுங்கள். கை ஸ்டியரிங்கில் பட்டதும் வருகிற பேச்சு, வீட்டுத் திண்ணையில் வராது. முதல் டிரிப் எத்தனை மணிக்கு, ரேடியேட்டருக்கு எந்த ஊரில் தண்ணீர் ஊற்றினார்கள், பங்குனித் திருவிழாவுக்குக் கூடுதல் நடை ஓட்டினார்களா, வண்டி முதலில் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

டெல்டாவில் பஸ்ஸின் கதை நூறு வருடத்தைத் தாண்டியது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டது 1912-இல். 1972-இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பெரிய கம்பெனிகளின் வண்டிகள் அரசின் கைக்குப் போயின. அரசு வண்டிகளோ வயதானால் ஏலத்துக்குப் போகிறவை. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மத்திய அரசின் விதிப்படி, 15 வருடம் கடந்த அரசு வாகனங்களுக்குப் பதிவைப் புதுப்பிப்பதே கிடையாது. அந்தக் காலத்து மரச்சட்ட பஸ் ஒன்று மிஞ்ச வேண்டுமென்றால், உங்கள் தாத்தாவைப் போன்ற தனி முதலாளிகளின் தோப்பிலும் களத்திலும்தான் மிஞ்ச வேண்டும்.

அதனால்தான் 'புதுசு போல' என்ற வார்த்தை எனக்குக் கவலை தருகிறது. வருடங்களுக்கு முன், பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஒரு பழைய வண்டியைப் பளபளப்பாக்கும் வேலையை நானே முன்னால் நின்று செய்தேன். தகடு தெரியும்வரை சுரண்டினோம். 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று ஜன்னலுக்கு மேல் யாரோ ஒரு பெயிண்டர் தூரிகையால் எழுதியிருந்தார். 'ர'வின் காலைக் கொஞ்சம் வளைத்து விடுவது அவர் பழக்கம் போல. அதுவும் போனது. பிறகு ஸ்டென்சில் வைத்து அதே வாசகத்தை எழுதினோம். வண்டியில் முன்பு கண்டக்டராக இருந்தவர் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "இது வேற வண்டி சார்" என்றார். அவர் சொன்னது சரிதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஜன்னலுக்குக் கீழே, எழுத்து இல்லாத இடத்தில் தீப்பெட்டி அகலத்துக்கு மட்டும் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த தூசியாகப் பறக்கவிடக் கூடாது, முகக்கவசம் அவசியம். மேல் பூச்சு கரைந்ததும் அடுத்த நிறம் வளையமாகத் தெரியும், அதற்குள் இன்னொன்று. எல்லா நிறத்தின் ஓரமும் தெரிகிற மாதிரி நிறுத்திப் படம் எடுங்கள். டிரைவர் சொன்ன நிறம் அதில் எத்தனையாவது அடுக்கு என்று பாருங்கள். அந்தச் சதுரத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும். மற்ற இடங்களில் பழைய பெயிண்ட் பிடிப்பாக இருந்தால் கழுவித் துடைத்தால் போதும்.

மரம்தான் பெரிய வேலை. ஜன்னல் கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் தகட்டுக்குப் பின்னால் ஓடி, கீழ்ச் சட்டத்தில் தேங்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சட்டத்தை ஒரு சாண் இடைவெளியில் அழுத்திப் பாருங்கள். நல்ல தேக்கு 'டக்' என்று சொல்லும். கெட்டதில் நுனி சத்தமில்லாமல் இறங்கும். இறங்கிய இடத்தில் சாக்பீஸால் குறி வையுங்கள். பெரும்பாலும் தூண்களின் கால் பகுதிதான் கெட்டிருக்கும், மேல் பாதி கல் மாதிரி இருக்கும். அப்போது முழுத் தூணையும் மாற்றச் சொல்லும் ஆசாரியிடம் சம்மதிக்காதீர்கள். கெட்ட துண்டை மட்டும் வெட்டி, சாய்வாக ஒட்டுப் போடச் சொல்லுங்கள். புதுத் துண்டின் உட்புறத்தில் வருடத்தைக் குறித்துவையுங்கள். அலுமினியத்தைத் திரும்ப அடிக்கும்போது, இரும்பில் நேராகப் படாமல் நடுவில் பிரைமரோ ரப்பர் பட்டையோ இருக்கட்டும். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகிவிடும்.

இந்த வேலைக்கெல்லாம் நம் ஊரில் ஒரு பருவம் உண்டு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், தை வரை சுற்றிலும் வயல் ஈரம்தான். அறுவடை முடிந்து மாசியில் தொடங்குங்கள். அதற்குள் தென்னைக்கு அடியிலிருந்து வண்டியை நகர்த்தி, மேடான சிமெண்ட் தரையில், பக்கவாட்டில் காற்று ஓடும் கொட்டகையில் நிறுத்திவிடுங்கள். தார்ப்பாயால் மூடிக் கட்டினால் உள்ளே வேர்த்து இன்னும் சீக்கிரம் கெடும். கூரையை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டில் கஞ்சத்தனம் கூடாது; 2018 நவம்பரில் கஜா புயல் தகரங்களை என்ன செய்தது என்பதை உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அச்சுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, டயரில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய யாராவது ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி ஆறு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்றால் மறுபடி ஊறட்டும். பிரேக் டிரம்மில் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும்.

அப்புறம் ஊர்வலம். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த பழம்பெரும் வாகன விதிகள், 50 வருடம் கடந்த இருசக்கர வண்டிகளுக்கும், ஓட்டுநர் தவிர எட்டுப் பேர் வரை அமரும் சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கும்தான். அந்த விதிகளின்படி பழம்பெரும் வண்டிகளுக்குத் தரும் 'வி.ஏ.' எண் வரிசை பஸ்ஸுக்குக் கிடையாது. எனவே ரோட்டில் ஏற்றினால் மற்ற பஸ்ஸைப் போலவே பதிவு, எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். வாடகைக்கு ஆள் ஏற்றினால் பெர்மிட்டும் வேண்டும். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், பதிவு இப்போது என்ன நிலையில் இருக்கிறது, வரி பாக்கி உண்டா என்று கேளுங்கள். சேஸிஸில் அடித்திருக்கும் எண் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். என் யோசனையைக் கேட்டால், நின்ற இடத்திலேயே ஊர் பார்க்கும்படி வையுங்கள். கல்யாண ஜோடி அங்கே வந்து படம் எடுத்துக்கொள்ளட்டும்.

பெரியப்பாவைச் சம்மதிக்க வைக்கவே முடியவில்லை என்றால், இரும்புக்காரர் வருவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். நம்பர் பிளேட், ஊர்ப் பெயர்ப் பலகை, ஸ்டியரிங், தேங்காய் நார் அடைத்த ஒரு சீட், எழுத்துள்ள ஜன்னல் பட்டை ஆகியவற்றைக் கழற்றிக்கொள்ளுங்கள். தூண்களின் இடைவெளி, கூரையின் வளைவு, படியின் உயரம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதி, வீட்டில் ட்ரிப் ஷீட், டிக்கெட் கட்டு எது கிடைத்தாலும் அந்த நோட்டோடு சேர்த்து வையுங்கள்.